கிளாஸ்கோவில் மாப்பிள்ளையோடு இரண்டு இரவு: முதலில் டிக்கெட், பிறகு பைன்ட்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லண்டனிலிருந்து பன்னிரண்டு நண்பர்கள், கல்யாணம் நிச்சயமான ஒருவரையும் கூட்டிக்கொண்டு வெள்ளி மாலை கிளாஸ்கோ வருகிறார்கள். ஞாயிறு மதியம் திரும்புகிறார்கள். பப், கிளப், நேரடி இசை மூன்றும் வேண்டும். இரண்டு பேர் குடிக்க மாட்டார்கள். ஓர் ஏற்பாட்டு நிறுவனம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை சொல்லியிருக்கிறது. அதை வாங்கலாமா, எங்கே தங்கலாம், இரவுகளை எப்படி அடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாணவனாக இந்த ஊருக்கு வந்த காலத்தில் சாக்கிஹால் தெருப் பக்கம் ஒரு பாரில் வார இறுதி வேலை பார்த்தவன் நான். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கொண்டாட வரும் நண்பர் கூட்டத்தை இங்கே 'ஸ்டேக்' என்பார்கள். அப்படிப்பட்ட கூட்டங்களைக் கவுன்டரின் உள்பக்கத்திலிருந்து நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய வார இறுதி பெரும்பாலும் பாழாவது கிளப் வாசலில்தான். ஒரே மாதிரி டி-சர்ட் அணிந்த பன்னிரண்டு ஆண்கள் இரவு பதினொன்றரை மணிக்கு முன்பதிவு இல்லாமல் வந்து நிற்பார்கள். பவுன்சர் ஒரு பார்வை பார்த்துவிட்டு "இன்றைக்கு முடியாது, நண்பர்களே" என்பார். அடுத்த வாசலிலும் அதே பதில். மழை பிடித்துக்கொள்ளும், கூட்டம் மூன்றாகச் சிதறும், மாப்பிள்ளை ஒரு கபாப் கடையில் தனியாக உட்கார்ந்திருப்பார்.

பவுன்சரைத் திட்டிப் பயனில்லை. ஸ்காட்லாந்தின் 2005ஆம் ஆண்டு மது உரிமச் சட்டப்படி, போதையில் இருப்பவர் பப்புக்குள் நுழைய முயல்வதே குற்றம். போதையில் இருப்பவருக்கு மது விற்பதும் குற்றம். "அவனுக்கு நான் வாங்கித் தருகிறேன்" என்று இடையில் புகும் நண்பன் செய்வதும் குற்றம். உரிமம் போனால் கடை போயிற்று. மத்திய ரயில் நிலையத்தின் வளைவுகளுக்கு அடியில் இருந்த 'தி ஆர்ச்சஸ்' என்ற புகழ்பெற்ற இடத்துக்கு 2015இல் உரிம வாரியம் நள்ளிரவோடு மூடும்படி நேரத்தைக் குறைத்தது. அடுத்த சில வாரங்களில் அந்த நிறுவனமே கவிழ்ந்துவிட்டது. அதைக் கண்ணால் பார்த்த ஊர் இது. ஸ்டேக் கூட்டத்தைக் கண்டதும் வாசலில் முகம் இறுகுவதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம்.

ஆகவே இசைக்கான டிக்கெட்டை முதலில் வாங்குங்கள். கையில் டிக்கெட்டோடு கச்சேரிக்கு வருபவர் வாசலில் ரசிகர். டிக்கெட் இல்லாமல் வருபவர் வெறும் கூட்டத்தில் ஒருவர். இரண்டு இரவுக்கும் ஒவ்வொரு டிக்கெட் உறுதியாகிவிட்டால், மற்றதெல்லாம் அதைச் சுற்றித் தானாக அமைந்துகொள்ளும். இசைக்கு இந்த ஊரில் பஞ்சமும் இல்லை. யுனெஸ்கோ 2008இல் 'இசை நகரம்' என்ற பட்டத்தைக் கொடுத்தபோது பிரிட்டனில் அதைப் பெற்ற முதல் ஊர் கிளாஸ்கோதான்.

அந்த நிறுவனத்தின் தொகை பற்றி: விளம்பரத்தில் 'வரம்பில்லாமல் குடிக்கலாம்' என்ற வாசகம் இருந்தால், அது வேறு ஏதோ ஊருக்கு அச்சடித்த விளம்பரம். ஒரு தொகை கட்டிவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்ற ஏற்பாடு ஸ்காட்லாந்து பப்புகளில் சட்டப்படி கூடாது. மாலை ஐந்து முதல் ஏழு வரை பாதி விலை என்ற வித்தையும் இங்கே நடக்காது. ஒரு விலையை மாற்றினால் அது 72 மணி நேரமாவது நிலைத்திருக்க வேண்டும். எனவே நீங்கள் கட்டும் பணத்துக்குக் கிடைக்கப்போவது சில பானங்களுக்கான சீட்டும், கூட்டமில்லாத ஒரு கிளப்பின் நுழைவும்தான். அதே பணத்தில் நல்ல கச்சேரி ஒன்றுக்கும் நல்ல சாப்பாட்டுக்கும் நீங்களே ஏற்பாடு செய்துவிடலாம். என்னைக் கேட்டால் வாங்க வேண்டாம்.

கடையில் வாங்கி அறையில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். இங்கே கடைகளில் மது விற்பனை காலை 10 முதல் இரவு 10 வரைதான். 10 மணி 1 நிமிடத்துக்குக் கெஞ்சினாலும் கிடைக்காது. மதுவின் ஒவ்வொரு யூனிட்டுக்கும், அதாவது 10 மில்லி தூய ஆல்கஹாலுக்கும், குறைந்தபட்ச விலை உண்டு. 2018இல் 50 பென்ஸாக வந்த அந்த விதி 2024 செப்டம்பரிலிருந்து 65 பென்ஸ். லண்டன் சூப்பர்மார்க்கெட் கணக்கு இங்கே ஒத்துவராது. தெருவில் பாட்டிலைத் திறப்பதும் இந்த ஊரில் தடை.

இனி வெள்ளி இரவு. ஸ்டேக் கூட்டத்தில் எல்லோரும் எல்லோருக்கும் நண்பர்கள் இல்லை. பள்ளித் தோழன் ஒரு பக்கம், அலுவலக நண்பர்கள் ஒரு பக்கம், மணப்பெண்ணின் அண்ணன் ஒரு மூலையில். கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் இந்தப் பன்னிரண்டு பேரை ஒரு மணி நேரத்தில் ஒன்றாக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி கேய்லி. ஸ்காட்லாந்தின் கூட்டு நடனம் அது. அக்கார்டியனும் பிடிலும் முழங்க, மேடையிலிருந்து ஒருவர் ஒவ்வொரு அடியையும் சொல்லிக்கொடுப்பார். தெரியாதவர்கள் தப்பாக ஆடுவதுதான் அதில் பாதி வேடிக்கை. 'ஸ்ட்ரிப் தி வில்லோ' என்ற நடனத்தில் கைகளைப் பின்னிக்கொண்டு வரிசை முழுவதும் சுழன்று போக வேண்டும். முடியும்போது மணப்பெண்ணின் அண்ணனுக்கும் அலுவலகக் கணக்காளருக்கும் மூச்சு வாங்கும், பேச்சும் வந்துவிடும். குடிக்காத இருவருக்கும் இதில் குறை ஒன்றுமில்லை. சொல்லப்போனால் அவர்கள்தான் நன்றாக ஆடுவார்கள்.

வெள்ளிக்கிழமை கேய்லிக்குப் பேர்போன இடம் ஸ்லோன்ஸ். புக்கானன் தெருவை ஒட்டிய ஆர்கைல் ஆர்கேட் என்ற பழைய நகைக்கடைச் சந்துக்குள் இருக்கிறது. 1797ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லிக்கொள்ளும் பப். மாடியில் அலங்கார வேலைப்பாடுள்ள நடனக்கூடம். முன்பதிவு கட்டாயம். பதிவு செய்யும்போது ஸ்டேக் கூட்டம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மறைத்துவிட்டு வாசலில் மாட்டிக்கொள்வதைவிட அது எவ்வளவோ மேல். நல்ல ஷூ அணிந்து வாருங்கள். செருப்பும் கேய்லியும் சேராது.

அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் டுரூரி தெருவில் ஹார்ஸ்ஷூ பார். 1884இல் தொடங்கியது. குதிரை லாட வடிவக் கவுன்டரின் நீளம் 104 அடி 3 அங்குலம், அதாவது பன்னிரண்டு பேரும் வரிசையாக நின்று குடிக்கக்கூடிய அபூர்வமான இடம். மாடியில் கரோக்கி. தமிழ்ப் பாட்டை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் எந்தப் பாட்டை எவ்வளவு மோசமாகப் பாடினாலும் கிளாஸ்கோக்காரர்கள் கூடச் சேர்ந்து பாடுவார்கள். மாப்பிள்ளையை மேடையேற்ற வேண்டுமென்றால் இங்கே ஏற்றுங்கள், வேறெங்கும் வேண்டாம். வெள்ளி இரவை இதோடு முடித்துக்கொள்வது உத்தமம். முதல் இரவே மூன்று மணி வரை ஆடியவர்களின் சனிக்கிழமை, சாயங்காலத்தில்தான் விடியும்.

சனிக்கிழமை பகலுக்கு எல்லோரும் உங்களுக்கு 'சப்கிரால்' சொல்லுவார்கள். கிளாஸ்கோவின் சுரங்க ரயில் 1896இல் ஓடத் தொடங்கியது, லண்டனுக்கும் புடாபெஸ்டுக்கும் அடுத்து உலகிலேயே பழையது. ஒரே வட்டம், 15 நிலையங்கள், சுற்றி வர சுமார் 24 நிமிடம். ஒவ்வொரு நிலையத்திலும் இறங்கி, பக்கத்துப் பப்பில் ஒன்று குடித்துவிட்டு அடுத்த ரயில் ஏறுவதுதான் சப்கிரால். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பன்னிரண்டு பேர் பதினைந்து இடங்களில் ஆர்டர் கொடுத்து, குடித்து, கழிப்பறை போய், எண்ணிக்கை சரிபார்த்து ரயிலேறுவதற்குள் பொழுது போய்விடும். தென்பக்கத்து நிலையங்கள் சிலவற்றில் பப்பைத் தேடியே நடக்க வேண்டும். ஐப்ராக்ஸ் நிலையம் ரேஞ்சர்ஸ் கால்பந்து மைதானத்துக்கானது, ஆட்ட நாளில் அங்கே இறங்கவே வேண்டாம். எனவே வட்டத்தின் மேற்குப் பகுதியில் ஹில்ஹெட், கெல்வின்ஹால், பார்ட்டிக் ஆகிய மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹில்ஹெட்டில் இறங்கி பயர்ஸ் சாலையின் உச்சிக்கு நடந்தால் ஓரன் மோர். பழைய தேவாலயத்தைப் பப்பாக மாற்றியிருக்கிறார்கள். மாடி அரங்கின் கூரை முழுவதும் எழுத்தாளரும் ஓவியருமான அலஸ்டர் கிரே வரைந்த நட்சத்திர மண்டலம். இங்கே 2004இல் டேவிட் மெக்லென்னன் ஒரு பழக்கத்தைத் தொடங்கினார்: மதியம் ஒரு மணிக்கு ஒரு சிறு நாடகம், டிக்கெட்டோடு, மாவுக்குள் பூரணம் வைத்துச் சுட்ட 'பை' என்ற பண்டம் ஒன்றும், ஒரு பைன்ட், அதாவது பெரிய கோப்பை பியரும். நாடகப் பருவம் நடக்கும் வாரங்களில் சனிக்கிழமையும் உண்டு. ஸ்டேக் கூட்டத்துக்கு நாடகமா என்று சிரிக்காதீர்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து, வயிற்றில் ஏதாவது போட்டுக்கொண்டு, நேற்றைய தலைவலியை ஆற்றிக்கொள்ள இதைவிட நாகரிகமான வழி கிடையாது. பைன்ட்டுக்குப் பதில் மது இல்லாத பானமும் வாங்கிக்கொள்ளலாம்.

பக்கத்திலேயே ஆஷ்டன் லேன், கல் பாவிய சிறு சந்து. வெயில் அடித்தால் உட்காருங்கள், மழை என்றால் கடந்து போங்கள். பார்ட்டிக் பக்கம் டம்பார்ட்டன் சாலையில் இருக்கும் லிஸ்மோரை மட்டும் தவறவிடக் கூடாது. அங்கே ஆண்கள் கழிப்பறையில் சிறுநீர்க் கோப்பைகளை, ஸ்காட்லாந்து மலைநாட்டுக் குடியானவர்களை நிலத்திலிருந்து துரத்திய பிரபுவுக்கும் அவருடைய ஆட்களுக்கும் பெயர் சொல்லி அர்ப்பணித்திருக்கிறார்கள். இருநூறு ஆண்டுக் கோபத்தை இவ்வளவு எளிமையாகத் தீர்த்துக்கொள்ளும் நினைவுச்சின்னத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. நல்ல விஸ்கியும் உண்டு. உள்ளூர்ப் பெரியவர்களைப் போல ஒரு சிறு விஸ்கியும் பக்கத்தில் அரை பைன்ட் பியரும் கேட்டு வாங்குங்கள். 'எ ஹாஃப் அண்ட் எ ஹாஃப்' என்று சொன்னால் போதும். விஸ்கி அளவு சில இடங்களில் 25 மில்லி, சில இடங்களில் 35 மில்லி. எண்ணிக் குடிப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

அங்கிருந்து ஆர்கைல் தெரு வழியாக நகரை நோக்கித் திரும்பினால் ஃபின்னிஸ்டன். பென் நெவிஸ், பார்க் பார் இரண்டும் மலைநாட்டிலிருந்தும் தீவுகளிலிருந்தும் வந்தவர்கள் வளர்த்த பப்புகள். பென் நெவிஸில் வாரத்தில் சில நாள் மூலை மேசையைச் சுற்றி இசைக்கலைஞர்கள் உட்கார்ந்து தமக்காகவே வாசிப்பார்கள். அது நிகழ்ச்சி இல்லை. பக்கத்து மேசையில் பன்னிரண்டு பேர் சத்தம் போட்டால் ஊரே முறைக்கும். நான்கு நான்கு பேராகப் பிரிந்து போய் அடக்கமாக உட்காருங்கள்.

இந்தப் பிரிவினை பணத்துக்கும் நல்லது. ஒருவர் எல்லோருக்கும் ஒரு சுற்று வாங்கும் வழக்கம் நாலு பேரில் இன்பம். பன்னிரண்டு பேரில் அது கடன். மெதுவாகக் குடிப்பவனையும் வேகமாகக் குடிப்பவன் இழுத்துக்கொண்டு போவான், குடிக்காதவர் இரண்டு கோலாவுக்குப் பன்னிரண்டு பைன்ட் விலை கொடுப்பார். நால்வர் குழு மூன்று, குழுவுக்குள் மட்டும் சுற்று. மாப்பிள்ளை எந்தக் குழுவிலும் நிரந்தரமில்லாமல் ஊருக்கு ஊர் போகும் உற்சவர் போல மாறிக்கொண்டே இருக்கட்டும். அவருக்கு யார் வாங்குவது என்பது அந்தந்தக் குழுவின் பொறுப்பு.

சனி இரவுக் கச்சேரிக்கு மூன்று இடங்களைப் பாருங்கள். பிரிட்டனில் கச்சேரி சீக்கிரம் தொடங்கிச் சீக்கிரம் முடியும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஏழு மணிக்குக் கதவு திறந்து, பதினொன்றுக்குள் எல்லாம் ஓய்ந்துவிடும். அதனால் அதே இரவில் கிளப்புக்கும் நேரம் இருக்கிறது.

எனக்கு முதலிடம் பாரோலேண்ட். கிழக்குப் பக்கம் கேலோகேட்டில், நட்சத்திரங்கள் வெடிப்பதுபோல் நியான் பலகை மின்னும் பழைய நடன மண்டபம். 1934இல் கட்டியது 1958இல் தீயில் போய், 1960இல் மறுபடி எழுந்தது. சுமார் 1,900 பேர் கொள்ளும். ஆடுவதற்கென்றே போட்ட மரத்தளம் என்பதால் எல்லோரும் குதிக்கும்போது தரை திருப்பித் தள்ளும். காலில் அதை உணர்ந்தவர்களுக்குப் பெரிய அரங்கங்கள் பிறகு சப்பென்று இருக்கும். அன்று யார் பாடுகிறார்கள் என்பது இரண்டாம் பட்சம். பெயரே கேள்விப்படாத குழுவானாலும் டிக்கெட் இருந்தால் வாங்குங்கள்.

இரண்டாவது, செயின்ட் வின்சென்ட் தெருவில் கிங் டட்ஸ் வா வா ஹட். முந்நூறு பேர் மட்டுமே. 1993 மே 31 அன்று மான்செஸ்டரிலிருந்து வந்த ஒயாசிஸ் என்ற அறிமுகமில்லாத குழு இங்கே சில பாட்டுகள் வாசித்ததும், கிரியேஷன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் ஆலன் மெகீ ஒப்பந்தம் செய்ய முன்வந்ததும் இந்த மாடியில்தான். படிக்கட்டுகளில் ஆண்டுவாரியாகக் குழுக்களின் பெயர்களை எழுதி வைத்திருக்கிறார்கள். மேடைக்கு இவ்வளவு அருகில் நின்று கேட்பது தனி அனுபவம். ஆனால் மாப்பிள்ளையோடு சேர்த்துப் பதின்மூன்று டிக்கெட் ஒன்றாகக் கிடைப்பது கடினம், முன்கூட்டிப் பாருங்கள். மூன்றாவது எஸ்டபிள்யூஜி3. பழைய கிடங்குகளை இணைத்த வளாகம். ஆடுபவர்களின் உடல் வெப்பத்தை எடுத்து நிலத்தடியில் துளையிட்ட குழாய்களில் சேமித்து, பிறகு கட்டடத்தைச் சூடாக்கும் ஏற்பாட்டை 2022இல் பொருத்தினார்கள். நீங்கள் வியர்த்தால் வீண்போகாது. 2013இல் திறந்த ஹைட்ரோ அரங்கில் பதினாலாயிரம் பேருக்கு இடம் உண்டு. பெரிய நட்சத்திரம் வந்தால் போகலாம், ஆனால் அந்த அனுபவம் லண்டனிலும் கிடைப்பதுதான்.

கிளப் என்றால் ஜமைக்கா தெருவின் சப் கிளப். 1987 முதல் இயங்குகிறது. பக்கத்துக் கட்டடத் தீயால் 1999இல் மூடி 2002இல் மீண்டது. தாழ்ந்த கூரை, இருட்டு, தரைக்கு அடியிலிருந்து கால் வழியாக ஏறும் தாளம். சனிக்கிழமை 'சப்கல்ச்சர்' இரவு 1990களிலிருந்து தொடர்கிறது, முழுக்க 'ஹவுஸ்' என்ற மின்னணு நடன இசை. இங்கே மாப்பிள்ளைக்குப் பட்டையும் கிரீடமும் மாட்டி அழைத்து வராதீர்கள். முன்கூட்டி டிக்கெட், சாதாரண உடை, நாலு நாலு பேராக வரிசை. உள்ளே போன பிறகு யாரும் யாரையும் கவனிக்க மாட்டார்கள். "எனக்குத் தெரிந்த பாட்டுதான் வேண்டும்" என்று மாப்பிள்ளை அடம்பிடித்தால் சாக்கிஹால் தெருவின் 'கராஜ்' கிளப். வாசலுக்கு மேலே ஒரு லாரியின் முகப்பு நீட்டிக்கொண்டிருக்கும், தவறவிட முடியாது. மாணவர் கூட்டம், எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. எனக்குப் பிடிக்காது, ஆனால் இது என் ஸ்டேக் இல்லை.

அடையாள அட்டையை மறக்கவே கூடாது. இருபத்தைந்து வயதுக்குக் குறைவாகத் தெரிந்தால் வயதுச் சான்று கேட்க வேண்டும் என்பது இங்கே சட்டம். நம் ஆட்கள் முப்பதிலும் இளமையாகத் தெரிவார்கள், மகிழ்ச்சிதான், ஆனால் வாசலில் அது தொல்லை. பாஸ்போர்ட் அல்லது பிரிட்டன் ஓட்டுநர் உரிமம், அசலாக. போனில் எடுத்து வைத்த படமும் ஆதார் அட்டையும் செல்லாது.

உடை பற்றி இன்னொன்று. பச்சை வெள்ளைப் பட்டையோ, நீலக் கால்பந்துச் சட்டையோ வேண்டாம். செல்டிக், ரேஞ்சர்ஸ் இரண்டும் இந்த ஊரில் வெறும் அணிகள் இல்லை, பின்னால் மதமும் அயர்லாந்து அரசியலும் இருக்கிறது. நகர மையப் பப்புகள் பலவற்றில் எந்த அணியின் சட்டைக்கும் அனுமதி இல்லை. இரண்டும் மோதும் நாளாகப் பார்த்துத் தேதி குறித்துவிடாதீர்கள்.

கிளப்புகள் பொதுவாக மூன்று மணிக்கு மூடும், ஊரே ஒரே நேரத்தில் தெருவுக்கு வரும். டாக்ஸிக்கு நீண்ட வரிசை. அதனால்தான் தங்குமிடம் மத்திய ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும் என்கிறேன். கிளப்புக்கும் கேய்லிக்கும் அங்கிருந்து நடந்தே போகலாம். வீடு வாடகைக்கு எடுத்தால், குறுகிய கால வாடகைக்கு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள், இங்கே அது கட்டாயம். பலர் ஸ்டேக் கூட்டத்தை ஏற்பதில்லை. ஹோட்டலில் இருவர் அறைகள் ஆறும், மாப்பிள்ளைக்குத் தனி அறை ஒன்றும் எடுத்துவிடுவது சுலபம்.

நடுநிசிப் பசிக்கு மன்ச்சி பாக்ஸ். பீட்சா டப்பாவில் பக்கோடா, கபாப், சிப்ஸ், நான் எல்லாவற்றையும் கொட்டித் தருவார்கள். மூன்று பேர் சாப்பிடலாம், மறுநாள் யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். ஒழுங்கான சாப்பாடு கச்சேரிக்கு முன்பே, ஐந்தரை ஆறு மணிக்கு முடியட்டும். தெற்காசிய உணவுக்கு நல்ல ஊர் இது. சிக்கன் டிக்கா மசாலா தன் ஷிஷ் மஹாலில்தான் பிறந்தது என்று 2022இல் மறைந்த அலி அகமது அஸ்லம் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

ஞாயிறு காலை சதுர சாஸேஜ் வைத்த ரோல், ஒரு இர்ன்-ப்ரூ. ஆரஞ்சு நிறச் சோடா அது, தலைவலிக்கு மருந்து என்று ஊரே நம்புகிறது. தெம்பு இருப்பவர்கள் பாரோலேண்டின் காலடியில் வார இறுதியில் கூடும் பாராஸ் சந்தையைச் சுற்றிவிட்டு வரலாம். சுரங்க ரயில் பல ஆண்டுகளாக ஞாயிறன்று காலை பத்துக்குத்தான் தொடங்கி, மாலை ஆறு மணிவாக்கில் முடிந்துவந்தது, நேரத்தைப் பார்க்காமல் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். லண்டன் யூஸ்டனுக்கு நான்கரை முதல் ஐந்து மணி நேரம். ஞாயிறுகளில் தண்டவாளப் பராமரிப்பு நடந்தால் பாதித் தூரம் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். பதின்மூன்று பேருக்கும் இருக்கை எண்ணோடு முன்பதிவு செய்வதற்கு முன் அந்த வாரத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.